இல்லே என்றால் எங்கே?

புதிதாக வேலைக்குச் சேர்கிறவர் எழுதிக்கொடுத்த விலாசத்தில் நிஜமாகவே குடியிருக்கிறாரா என்று நேரில் போய்ப் பார்த்து, செல்போனில் பச்சை பட்டனையோ சிவப்பு பட்டனையோ அமுக்குவதுதான் நம் தொழில். பச்சை விழுந்தால் அவருக்கு வேலை. சிவப்பு விழுந்தால் கைக்கு வந்தது போச்சு. வெளிநாட்டில் பன்னிரண்டு வருஷம் 'அறிவு என்றால் என்ன, உண்மை என்றால் என்ன' என்று பாடம் நடத்திவிட்டு நாற்பத்தெட்டு வயதில் பெங்களூருக்குத் திரும்பியவனுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை உண்டா என்று நினைத்தேன். கேட்டுக்கு வெளியே நாய்க்குப் பயந்து நிற்கும் சக சரிபார்ப்பாளர்களே, சிரிப்பதானால் இப்போதே சிரித்துவிடுங்கள். என் கையால் தப்பாக விழுந்த ஒரு சிவப்பைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

மூன்றாவது பட்டன்

முதல் நாளே எங்கள் டீம் லீட் சையத் பாயிடம் எனக்குத் தெரிந்ததைக் காட்டிக்கொண்டேன். "பார்த்ததெல்லாம் உண்மை ஆகிவிடாது பாய். நம்புவது வேறு, அறிவது வேறு. 'உறுதியாகச் சொல்ல முடியவில்லை' என்று மூன்றாவதாக ஒரு பட்டன் இருப்பதுதான் நேர்மை."

அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அரே சார், அந்தப் பட்டனைக் குடுத்தா ஒருத்தனும் வெயில்ல போக மாட்டான். வீட்லயே உக்காந்துகிட்டு அதையே அமுக்குவான்."

ஆள் மெய், அட்டை பொய்

லிங்கராஜபுரத்தில் டேவிட் என்பவரின் வீடு. அவரே லுங்கியும் பல்துலக்கும் பிரஷ்ஷுமாக வந்து கதவைத் திறந்தார். கண்ணெதிரே ஆள். ஆனால் ஆதார் அட்டையில் இன்னும் ஆம்பூர் விலாசம். தமிழில் மெய் என்றால் உண்மை, மெய் என்றால் உடம்பு. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்த நம் முன்னோர்கள் எங்கள் செல்போன் ஆப்பைப் பார்த்ததில்லை. அதற்கு உடம்பு செல்லாது, அட்டைதான் செல்லும்.

"உங்களைப் பார்த்துவிட்டேன், ஆனால் நீங்கள் இங்கே இருப்பதற்கு ஆதாரம் வேண்டும்" என்றேன், கொஞ்சமும் கூசாமல். டேவிட் பிரஷ்ஷை வாயிலிருந்து எடுப்பதற்குள் உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது: "பதினோரு வருஷமா இந்த ஆளோட சட்டையத் துவைக்கிறேன் சார். கொடியில தொங்குது, வேணும்னா அதப் போட்டோ எடுத்துக்குங்க!"

நம்பத்தகுந்த சாட்சி

ஆஸ்டின் டவுன், கவிதா. அவர்கள் வீட்டில் ஆபீஸ் வேலைக்குப் போகும் முதல் ஆள். திங்கட்கிழமை சேர வேண்டும். முன்கூட்டியே போன் செய்யக் கூடாது என்பது விதி. போனேன், வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டு வாசலில் ஒரு அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"கவிதா இருக்காங்களாம்மா?"

நிமிராமலே ஈரக் கையை வீசினார். "இல்லே, இல்லே."

"எப்பவுமா?"

"எப்பவும் இல்லே."

அடுத்தவர் வாய்ச்சொல்லை எப்போது நம்பலாம் என்று ஒரு பருவம் முழுக்க வகுப்பெடுத்தவன் நான். அருகில் வசிக்கிறவர், பொய் சொல்ல அவசியமில்லாதவர், இரண்டு முறை கேட்டும் மாற்றிப் பேசாதவர். இலக்கணச் சுத்தமான சாட்சி. சிவப்பை அமுக்கி, 'அண்டை வீட்டார் உறுதிப்படுத்தினார்' என்று குறிப்பும் எழுதினேன்.

மூன்றாம் நாள் எங்கள் ஆபீஸ் வாசலில் கவிதா நின்றாள். அழுது முகம் வீங்கியிருந்தது. கூடவே அந்த அம்மா, பெயர் ரத்னம்மா. தமிழ் புரியும், பதில் மட்டும் பாதி கன்னடத்தில் வரும். தமிழில் 'இல்லே' என்றால் கிடையாது. கன்னடத்தில் 'இல்லே' என்றால் இங்கேயே. இந்த ஊரில் பிறந்தவன்தான் நானும். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு காது ஊரை விட்டே போயிருந்தது. ரத்னம்மா என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். "இல்லே இல்லேன்னு அவ வீட்டுக் கதவ கை காட்டித்தானே சொன்னேன், நீங்க என்ன கண்ண மூடிட்டா கேட்டீங்க?"

திருத்தம்

சிவப்பைப் பச்சையாக்க ஒரு படிவம் உண்டு. காரணம் என்ற இடத்தில் இரண்டே தேர்வுகள்: விண்ணப்பதாரர் தவறான தகவல் தந்தார், விண்ணப்பதாரர் வீடு மாறினார். பார்க்கப் போனவன் முட்டாள் என்பதற்கு இடம் வைக்கவில்லை. "நம்ம தப்புன்னு சொல்ற ஆப்ஷன் இதுல இல்லே சார்" என்றார் சையத் பாய். "எந்த இல்லே பாய்?" என்றாள் கவிதா. அந்த நிலையிலும் அவளுக்குக் கேட்கத் தோன்றியது.

படிவத்தை விட்டுவிட்டு, 'தவறு என்னுடையது, அவர் அங்கேதான் வசிக்கிறார்' என்று கம்பெனிக்கு நேராகக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்குள் திங்கட்கிழமை கடந்து, அவள் இடத்துக்கு வேறொருவர் வந்துவிட்டார். அடுத்த பேட்ச்சில் கூப்பிடுகிறோம் என்றார்கள். ஒரு மாதம் கழித்துக் கூப்பிடவும் செய்தார்கள்.

மன்னிப்புக் கேட்க ஆஸ்டின் டவுனுக்குப் போனேன். புது அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியபடி கவிதா சொன்னாள்: "போகட்டும் சார். ஆனா ஒரு மாசம், எங்க வீட்லயே உக்காந்துகிட்டு, எங்க வீட்ல இல்லாத ஆளா இருந்தேன் பாருங்க, அத எந்தக் காலேஜ்லயும் சொல்லித் தர மாட்டாங்க."

உண்மை எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் இப்போதெல்லாம் நான் 'இல்லே' என்று மட்டும் சொல்லிக் கையையும் நீட்டிவிடுகிறேன். அதை எந்த மொழியில் கேட்டுக்கொள்வது என்பது அவரவர் காதின் பாடு.