கதவில் தொங்கிய சிவப்புத் துண்டு

ஊரப்பாக்கம் வீட்டில் அம்மாவும் நானும் மட்டும்தான். வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கும் எனக்கும் அம்மாவுக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. என் அறைக் கதவில் சிவப்புத் துண்டு தொங்கினால் நான் மீட்டிங்கில் இருக்கிறேன், தட்டக்கூடாது. ஒருநாள் மீட்டிங் நடுவே சாப்பிடக் கூப்பிட்டதற்காக நான் கத்தித் தீர்த்த பிறகு வந்த ஏற்பாடு அது.

போன மாதம் எல்லாரையும் ஆபீசுக்குத் திரும்பச் சொன்னார்கள். துண்டைத் தொங்கவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மேலாளரிடம் ஒரு மணி நேரம் மன்றாடினேன்.

"அம்மாவுக்கு சுகர், பிரஷர் சார். தனியா விட முடியாது."

கடைசியில் சம்மதித்தார். அம்மாவிடம் சொல்ல ஆசையாகக் கதவைத் திறந்தேன். வெளியே தரையில், நெஞ்சைப் பிடித்தபடி வியர்வையில் நனைந்து அம்மா சரிந்து கிடந்தாள்.

"ஏம்மா தட்டல?"

"துண்டு தொங்கிகினு இருந்துச்சேடி..."

மாரடைப்பு. முன்பே கொண்டுவந்திருந்தால் இதயம் இவ்வளவு கெட்டிருக்காது என்றார் மருத்துவர். பிழைத்துக்கொண்டாள், ஆனால் பத்தடி நடந்தாலே மூச்சு வாங்குகிறது.

இப்போது அம்மாவின் கட்டிலருகே, ஒரு காதைத் திறந்துவைத்துத்தான் வேலை பார்க்கிறேன். அந்தத் துண்டைக் குப்பையில் போட்டுவிட்டேன். ஆனாலும் நான் மீட்டிங்கில் பேசத் தொடங்கினால், இருமல் வரும்போது அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள்.