கண்ணாடியைக் கழற்றி எடுத்த படம்

மலைமேல் சோளக்காடு என்ற ஊரில் பஸ் நிற்கும் இடத்தருகே மிளகும் மலைவாழையும் விற்கும் அம்மாளை நான் எடுத்த படம் ஒரு கண்காட்சியில் பரிசு பெற்றது. தொலைவில் எதையோ தேடும் அந்தப் பார்வையை எல்லோரும் பாராட்டினார்கள்; இதுவரை யாரும் எடுக்காத முகம் என்றார்கள். நானும் மேடையேறி, மலை மனிதர்களின் ஏக்கம் பற்றி நீளமாகப் பேசினேன்.

உண்மை வேறு. அன்று அவர் சிவப்பு ஃபிரேம் போட்ட புதுக் கண்ணாடி அணிந்திருந்தார். நாமக்கல்லில் வேலைக்குச் சேர்ந்த மகள் வாங்கித் தந்தது. “கண்ணாடியோட ஒரு போட்டோ எடுங்க சார், புள்ளைக்கு அனுப்போணும்” என்றுதான் என்னைக் கூப்பிட்டார். மலைக்காரர் என்றால் இப்படித்தான் இருப்பார் என்று, பிறர் எடுத்த படங்களைப் பார்த்துப் பார்த்து என் தலைக்குள் ஒரு முகம் பதிந்திருந்தது. அதில் கண்ணாடி இல்லை. கழற்றச் சொன்னேன். எனக்கு வேண்டியது கிடைத்ததும், அவர் கேட்டதை எடுக்காமலே பஸ் ஏறிவிட்டேன்.

பிறகு பரிசுப் படத்தைச் சட்டம் போட்டு அவருக்கே அனுப்பினேன். அடுத்த முறை போனபோது, வீட்டில் மாட்டினீர்களா என்று பெருமையாகக் கேட்டேன்.

“மாட்டாம இருப்பனுங்களா? யாருன்னு கேட்டா எங்கம்மான்னு சொல்லிப்போடுவேன்.”

பக்கத்தில் அன்னாசி நறுக்கிக்கொண்டிருந்த அவர் கணவர் சிரித்தார். “மாமியாளுக்குத் தெனமும் தூசி தட்டறது நாந்தானுங்க.”

“இல்லம்மா, அந்தப் பார்வை…” என்று இழுத்தேன்.

“என்ன பார்வைங்க? கண்ணாடி இல்லாம நீங்க எங்க நிக்கறீங்கன்னே தெரியல. பஸ்ஸு சத்தம் கேட்டுது, அந்தப் பக்கம் பாத்தேன்.”

அவர் குரலில் கோபமே இல்லை. அதனால்தான் எனக்கு அதிகம் வலித்தது.

“மகளுக்கு அனுப்பவேண்டிய போட்டோ?” என்று கேட்டேன்.

“அவ இன்னும் கேட்டுக்கிட்டேதான் இருக்கறா.”

மன்னிப்புக் கேட்டேன். பிறகு அவருடைய கைபேசியிலேயே எடுத்தேன். எலக்ட்ரானிக் தராசுக்குப் பக்கத்தில், ஆதார் அட்டைக்கு நிற்பதுபோல விறைப்பாக நின்றார். கண்ணாடியில் வெயில் பட்டு மின்னியது. வழக்கமாக முகத்தைக் கொஞ்சம் திருப்பச் சொல்வேன். அன்று அவர் நின்றபடியே எடுத்தேன். யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கக்கூடிய படம் அது. அனுப்பிய கையோடு மகள் கூப்பிட்டாள். கைபேசியைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்கும் அளவுக்குக் கத்தினாள்: “அம்மா, ஜோரா இருக்கற!”

“அப்ப மாமியாளக் கழட்டீரலாமா?” என்றார் கணவர்.

“இருக்கட்டும் போங்க. சார் மெனக்கெட்டு எடுத்தது. இதப் பக்கத்துல மாட்டுங்க.”