குப்பம்மாள் வைத்த பொட்டு

தேர்வாய் கண்டிகையில் அந்த ரப்பர் கம்பெனி வந்த நாள் முதல் துடைப்பமும் வாளியுமாக அங்கேயே கிடக்கிறவள் குப்பம்மாள். ஒப்பந்தக் கூலி. ஆனால் வெள்ளிக்கிழமை காலையில் அவள் கையால் பொட்டு வாங்காமல் எந்த மெஷினும் அங்கே ஓடாது. புருஷன் போன பிறகு தன் நெற்றியில் வைக்காத பொட்டையெல்லாம் இரும்புக்கு வைக்கிறாள் என்று கேண்டீனில் கிண்டல் செய்வார்கள். அவள் சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

போன வருஷம், சூடும் நேரமும் எழுதிச் சுவரில் தொங்கிய அட்டைகளை எடுத்துவிட்டு, மெஷின் வரிசையின் கோடியில் ஒரு டேப்லெட்டை மாட்டினார்கள். ரப்பரை வேக வைக்கும் எந்த அச்சுக்கு எவ்வளவு சூடு, எத்தனை நிமிஷம் என்பதெல்லாம் அதில் ஒரே பக்கமாகத் திறந்து கிடக்கும். மாற்ற வேண்டுமானால் எண்ணைத் தொட்டால் போதும், அங்கேயே கட்டம் விழும், தட்டுவதற்கான எண்கள் கீழிருந்து மேலே வரும். புது எண்ணைத் தட்டிவிட்டுக் கையை எடுத்தால் தானாகப் பதிவாகிவிடும். நிஜமாகவே மாற்றட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்காது. மாற்றியவர் பெயரையும் நேரத்தையும் மட்டும் பக்கத்துக்குப் பின்னால் குறித்துக்கொள்ளும். சூடு, நிமிஷக் கணக்கையெல்லாம் எழுதி வைக்கும் பிரின்சியின் பெயரில்தான் அது எந்நேரமும் திறந்திருந்தது. ஆளாளுக்குப் பாஸ்வேர்டு போட்டுக்கொண்டிருந்தால் வேலை நடக்குமா?

பிரின்சி கவரப்பேட்டைப் பெண். கொண்டுவரும் நாஷ்டாவில் பாதியைக் குப்பம்மாளுக்குக் கொடுத்துவிட்டுத்தான் சாப்பிடுவாள். பொங்கல் கழித்து அவளை நிரந்தரம் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அதை நம்பித்தான் அவளுடைய கல்யாணப் பேச்சே நகர்ந்துகொண்டிருந்தது.

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை, எல்லாவற்றுக்கும் வைத்தாயிற்று, இது மட்டும் என்ன பாவம் செய்தது என்று குப்பம்மாள் டேப்லெட் கண்ணாடியின் நடுவில் ஈரச் சந்தனத்தை வைத்தாள். திரை அசைந்து, கீழிருந்து எண்கள் கிளம்பி வந்தன; சந்தனத்துக்கு அடியில் எட்டு வந்து நின்றது. வழக்கமான கை, அதற்குள் சந்தனத்தின் மேல் குங்குமத்தையும் வைத்துவிட்டது. பதறிப்போய் முந்தானையால் துடைத்தாள். எண்கள் மறைந்து பழைய பக்கம் வந்தது. அப்பாடா என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பதினெட்டு நிமிஷம் என்றிருந்த இடத்தில் எட்டு என்று நின்றதை அவள் கவனிக்கவில்லை.

அந்த நிமிஷக் கணக்கு புதிதாக வந்த ஒரு அச்சுக்கானது, யாருக்கும் மனப்பாடம் இல்லை. பக்கம் சொன்னபடி செய்தார்கள். வேகாத ரப்பர் லாரி ஏறிப் போய், மாதம் முடிவதற்குள் அப்படியே திரும்பி வந்தது. பக்கத்தின் பின்னால் போய்ப் பார்த்தார்கள். பிரின்சி, வெள்ளிக்கிழமை, காலை என்று இருந்தது. அன்றே அவளை வர வேண்டாம் என்றுவிட்டார்கள்.

"வெள்ளிக்கெழம நான் அத தொடவே இல்ல சார்" என்று அவள் அழுதது, வெளியே தரை துடைத்துக்கொண்டிருந்த குப்பம்மாளின் காதில் விழுந்தது. வெள்ளிக்கிழமை என்றதும் அவளுக்குக் கண்ணாடியில் கிளம்பி வந்த எண்கள் ஞாபகம் வந்தன. பழி ஒரு பக்கம், பாவம் ஒரு பக்கம்.

கூட வேலை செய்யும் பூவம்மாளிடம்தான் முதலில் சொன்னாள். "கம்முனு இரு. வேலியில போற ஓணான எடுத்து மடியில உட்டுக்காத" என்றாள் பூவம்மாள். குப்பம்மாளுக்கும் பயம்தான், இந்தக் கூலி போனால் அடுத்த வேளைக்கு வழியில்லை. ஆனாலும் சோறு இறங்கவில்லை. மறுநாள் மேனேஜர் மோகன்ராஜ் முன்னால் போய் நின்றாள்.

"சார், அத நான்தான் பண்ணிட்டேன். பொட்டு வெக்கும்போது கை பட்டுச்சி. அந்தப் பொண்ண திரும்பக் கூப்ட்டுக்குங்க."

மோகன்ராஜ் நிமிர்ந்து பார்த்தார். "உனுக்கு லாகின் கீதா?"

"இன்னா சார்?"

"உம் பேர்ல அதுக்குள்ள போவ முடியுமா?"

"முடியாது சார்."

"அப்பறம் எப்டி நீ மாத்துவ? பிரின்சி பேருதான் கீது அதுல. அந்தப் பொண்ணு மேல பாசம் வெச்சிக்கினு இங்க வந்து பேஜாரு பண்ணாத. நல்ல மனசும்மா உனுக்கு. போய் வேலயப் பாரு."

குற்றத்தை ஒப்புக்கொள்ளவும் ஒரு பாஸ்வேர்டு வேண்டியிருக்கிறது பாருங்கள். தண்டனைக்குத் துணிந்து போனவளுக்கு நல்லவள் என்ற பெயர்தான் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

ஞாயிற்றுக்கிழமை கவரப்பேட்டைக்குப் போனாள். பிரின்சி அன்று மாதா கோயிலுக்குக்கூடப் போகாமல் வீட்டிலேயே இருந்தாள். மாப்பிள்ளை வீட்டார் வேறு இடம் பார்த்துக்கொண்டார்களாம். குப்பம்மாள் ஒன்று விடாமல் சொல்லி அழுதாள்.

"எனுக்காகப் பொய் சொல்லாத யக்கா" என்றாள் பிரின்சி.

"பெரியபாளையத்தம்மா சத்தியமா, கண்ணு…"

"மொதல்ல நானும் இல்லன்னுதான் சொன்னேன். எம் பேரும் டைமும் காட்டுனாங்க. மிஷின் எதுக்குப் பொய் சொல்லப் போவுது? யோசிச்சிப் பாத்தா, நான் தொட்ட மாதிரிதான் கீது." அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். "காலைல இன்னாத்த சாப்ட்ட? இரு, வரேன்."

திரும்பி வந்தவள், தட்டிலிருந்த இட்லியில் பாதியை எடுத்து எப்போதும்போல் குப்பம்மாள் பக்கம் வைத்தாள். குப்பம்மாளுக்கு அதைத் தொடக் கை வரவில்லை.