மாப்பிள்ளை ப்ளேனில் வந்த நாள்

அஞ்சாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஒத்தை வாடகைக் காரில் ஆரம்பித்து இன்றைக்கு ஆறு வேன், திருநள்ளாற்றில் இரண்டு மாடி லாட்ஜ், பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வீடு. யாரும் கைகொடுக்கவில்லை. வங்கியில் உட்காரக்கூடச் சொன்னதில்லை. அப்படிப்பட்டவனுக்குப் பேரன் போனைக் காட்டிப் பாடம் எடுக்கிறான்: “சென்னை டு திருச்சி ஒரு மணி நேரம்தான், பாருங்க.”

அடேய், அது திருச்சி வரைக்கும். உன் வீடு திருச்சியிலா இருக்கிறது? காரைக்காலுக்கு யார் வந்து இறக்கிவிடுவார்? இதே கேள்வியை ஒன்பது வயதில் கேட்டு அறை வாங்கியவன் நான்.

அன்றைக்கு என் அக்காவுக்கு, அதாவது லாத்தாவுக்கு, நிக்காஹ். மாப்பிள்ளை சிங்கப்பூரிலிருந்து மெட்ராஸ் வந்துவிட்டார். நேராகக் காரில் வரவேண்டியவரைத் திருச்சிக்கு ப்ளேன் ஏறச் சொன்னது உம்மாவின் தம்பி, எங்கள் மாமா. ப்ளேனில் வரும் மாப்பிள்ளை என்றால் தெருவே பேசுமாம்.

“பத்து மணிக்கு ஏறுனா பதினொண்ணுக்கு வந்துருவாரு. மதியம் லுஹர் தொழுதுட்டு நிக்காஹ்.”

“திருச்சியிலேர்ந்து இங்க வர நாலு மணி நேரம் ஆவுமே மாமா?”

“நீ ப்ளேனைப் பாத்திருக்கியாடா?”

“இல்ல. ரோட்டைப் பாத்திருக்கேன்.”

அதற்குத்தான் அறை. போன மாதம்தான் வாப்பாவோடு கருவாட்டு லாரியில் திருச்சிக்குப் போயிருந்தேன். ஒவ்வொரு ரயில்வே கேட்டும் எனக்கு மனப்பாடம்.

கன்னத்தைத் தடவிக்கொண்டே கொல்லைக்குப் போனேன். சமையல்காரப் பண்டாரி உலை வைக்கத் தயாராக இருந்தார். “சாயங்காலம் அசர் பாங்கு வரைக்கும் அரிசி போட வேணாம்னு மாமா சொன்னாங்க” என்றேன். என் பேச்சை யார் கேட்பார்? அதனால் மாமா பேரைச் சொன்னேன்.

லுஹர் முடிந்தது. மாப்பிள்ளை இல்லை. அவருடைய பெரிய வாப்பாவுக்கு இந்தச் சம்பந்தமே பிடிக்காது. “நேரத்துக்கு மாப்பிள்ளை வரலைன்னா என்ன நிக்காஹ்? இன்னொரு நாள் பாப்போம்” என்று எழுந்தார். அவர் ஆட்களும் எழுந்தார்கள். அரிசியே இன்னும் உலையில் விழவில்லை. சோறு ஆயிருந்தால் பந்தியைப் போட்டு முடித்திருப்பார்கள், சாப்பிட்ட கையோடு அவர் தன் ஆட்களைக் கிளப்பிக்கொண்டு போயிருப்பார். கல்யாண வீட்டிலிருந்து பசியோடு போக யாருக்கு மனசு வரும்? ஒவ்வொருத்தராக மறுபடி உட்கார்ந்தார்கள். வேறு வழியில்லாமல் அவரும் உட்கார்ந்தார்.

நாலு மணிக்குப் புழுதியோடு கார் வந்தது. நிக்காஹ் நடந்தது. ஒரு தட்டுக்கு நாலு பேராக உட்கார்ந்தபோது நெய்ச்சோற்றில் ஆவி பறந்தது.

“இவருதான் அரிசியை நிறுத்தச் சொன்னாரு” என்று எல்லார் முன்னாலும் பண்டாரி மாமாவைக் கைகாட்டினார். மாமா ஒரு கணம் முழித்தார். அப்புறம் மீசையைத் தடவிக்கொண்டு, “ரோடு நமக்குத் தெரியாதா?” என்றார்.

நான் சிரித்துக்கொண்டு நின்றேன். ரோட்டைப் பற்றிச் சொன்னவன் நான்தானே, எப்படியும் மாமா என்னைக் கூப்பிட்டு, இது இவன் வேலைதான் என்று சொல்வார் என்றுதான் நினைத்தேன். அடுத்தவர் பேரில் செய்த வேலை அந்தப் பேருக்கே போய்ச் சேரும், திரும்பி வராது என்று ஒன்பது வயதில் எவனுக்குத் தெரியும்?

இப்போது லாத்தாவின் ஐம்பதாவது கல்யாண நாளுக்குச் சிறப்பு மலர் அச்சடிக்கிறார்களாம். அதில் மாமாவின் சமயோசிதத்துக்கு முழுசாக ஒரு பக்கம். போடட்டும், மாமா படமும் இருக்கட்டும். ஆனால் அரிசியை நிறுத்தியவன் நான். அதை என் பேரோடு, பெரிய எழுத்தில், அதே பக்கத்தில் போட வேண்டும்.