எல்லா ஃபைலிலும் இரண்டாம் பக்கம்

எனக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. குன்னத்தூர் பஸ் ஐந்து நிமிடம் தாமதமானால் அதற்கு அடுத்த பஸ்ஸையும் சேர்த்துத் திட்டுகிற ஆள் நான். அப்படிப்பட்டவளை நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீஸில் உட்கார வைத்து, தொழிலாளி ஒவ்வொருவருக்கும் ஒரு வேர்டு ஃபைல் என்று இருநூற்றுச் சொச்சம் ஃபைல்களைத் தலையில் கட்டினால் என்ன ஆகும்? ஆடிட்டுக்கு வருகிறவர்கள் முழு ஃபைலையும் கேட்க மாட்டார்கள். எல்லோருடைய ஃபைலிலிருந்தும் ஒரே ஒரு பக்கம் கேட்பார்கள். ஒருமுறை வயதுச் சான்று, இன்னொரு முறை தீயணைப்புப் பயிற்சி. திற, பிரிண்ட் கொடு, பக்க எண்ணைத் தட்டு, மூடு, அடுத்ததைத் திற. நூறாவது ஆளிடம் வரும்போது தொண்ணூறாவது ஆளை எடுத்தேனா இல்லையா என்ற சந்தேகம் வந்துவிடும்.

போன வருடம் கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வந்தவர் ஒரு சின்ன புரோகிராம் போட்டுக் கொடுத்தார். ஃபைல்களை மொத்தமாகக் காட்டி, எந்தப் பக்கம் என்று ஒரே ஒருமுறை சொன்னால் போதும், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும். முதல் நாள் பட்டனை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் பிரிண்டரில் தாள் குவிந்து கிடந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வாரம் முழுக்க ஆபீஸில் ஒருவர் விடாமல் பிடித்து வைத்து அதன் பெருமையைச் சொன்னேன்.

கொஞ்ச நாளில் மூன்றாவது தையல் லைனுக்கு சூப்பர்வைசர் தேவைப்பட்டது. டெய்லர்களில் பன்னிரண்டு பேரை மேனேஜர் பட்டியல் போட்டிருந்தார்.

"பன்னெண்டு பேரு ஃபைல்லயும் ரெண்டாவது பக்கத்த மட்டும் எடுத்துக் குடுங்க கண்ணு. யாரு யாரு எந்தெந்த மெஷின் ஓட்டுவாங்கன்னு பாத்தாப் போதுமுங்க" என்றார்.

அந்தப் பன்னிரண்டு பேரில் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த அக்கா ஒருவர். பாக்கெட் வைக்கிற டெய்லர். மெஷின் சத்தத்தைக் கேட்டே ஊசி மழுங்கிவிட்டது என்று சொல்லுவார். வலது தோள் தேய்ந்து போயிருந்தது. மெஷினில் உட்காருவதை நிறுத்தச் சொல்லிவிட்டார் டாக்டர். லீவு கேட்டு வரும்போதெல்லாம் இடது கையால் வலது கையைத் தாங்கிப் பிடித்தபடிதான் நிற்பார். பட்டியல் விஷயம் தெரிந்ததும் என்னிடம் வந்தார்.

"மேடம், எம் பேரு இருக்குல்லா?"

"இருக்குதுங்க அக்கா."

"தோள்பட்டை இனிமே தாங்காது மேடம். இது கெடைக்கலன்னா ஊரப் பாக்கப் போயிர வேண்டியதுதான்."

அவருக்கே கிடைக்க வேண்டும் என்று மனதார நினைத்தேன். நினைத்த கையோடு பட்டனை அழுத்தினேன். பன்னிரண்டு தாளும் வந்து விழுந்தன. ஒன்றையும் புரட்டிப் பார்க்காமல் பின் அடித்து மேனேஜர் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார். ஒரு தாளை மட்டும் தனியாக உருவி வைத்திருந்தார்.

"இந்தம்மா வேண்டாமுங்க. மன்னிப்புக் கடுதாசி குடுத்தவங்களப் போயி லைனுக்கு எப்படீங்க வைக்கறது?"

வாங்கிப் பார்த்தேன். அக்கா வேலைக்குச் சேர்ந்தபோது ஆர்டர் நெருக்கடி. எந்தெந்த மெஷின் ஓட்டத் தெரியும் என்று டெஸ்ட் எதுவும் வைக்காமல் நேராக மெஷினில் உட்கார வைத்துவிட்டார்கள். அதனால் அவர் ஃபைலில் மெஷின் பக்கமே இல்லை. மூன்றாவதாக இருந்திருக்க வேண்டிய மன்னிப்புக் கடிதம் இரண்டாவதாக ஏறி உட்கார்ந்திருந்தது. பழையபடி ஒவ்வொன்றாகத் திறந்திருந்தால் என் கண்ணில் பட்டிருக்கும். புரோகிராமுக்கு ஏது கண்?

எங்கள் கம்பெனியில் அது ஒரு வழக்கம். துணி பாழானால் தைத்தவர் மன்னிப்புக் கடிதம் கொடுக்க வேண்டும். கொடுப்பது அவர்கள், எழுதுவது நான். 'எனது கவனக்குறைவால் இத்தவறு நேர்ந்துவிட்டது, இனி இவ்வாறு நேராது என உறுதியளிக்கிறேன்' என்ற வரி என் சொந்தச் சரக்கு. பேரையும் தேதியையும் மாற்றி மாற்றி அதே வரியை எத்தனையோ பேருக்கு அடித்திருக்கிறேன்.

ஆனால் இந்தக் கடிதம் அப்படியல்ல. நான்கு வருடத்துக்கு முன்பு, நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம். ஒவ்வொரு டிசைனுக்கும் ஒரு ஃபைல். ஒவ்வொன்றிலும் அளவுப் பக்கத்தை மட்டும் எடுத்து லைனுக்கு அனுப்ப வேண்டும். அவசரத்தில் ஒரு டிசைனுக்குக் கடைசியாக முடிவான அளவை விட்டுவிட்டு சாம்பிள் அளவுப் பக்கத்தை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அதில் பாக்கெட் அரை இஞ்ச் கீழே. அக்கா அதில் இருந்தபடியே தைத்தார். தப்பு தெரிந்தபோது அந்தத் தாள் லைனில் எங்கேயோ தொலைந்திருந்தது. பழி தைத்தவர் மேல் விழுந்தது. கடிதம் அடிப்பதற்காக டிசைன் எண்ணைப் பார்க்க ஃபைலைத் திறந்தேன். தப்பு என்னுடையது என்று அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. விளங்கிய பிறகும் கடிதத்தை அவர் பேரிலேயே அடித்து முடித்தேன். அக்கா படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு மெஷினுக்குப் போனார்.

மேனேஜர் முன்னால் நின்றபோதும் முதலில் எனக்குத் தோன்றியது, புரோகிராம் மேல் பழியைப் போட்டு வேறு பக்கம் கொண்டுவந்து வைத்துவிடலாம் என்பதுதான். வெட்கக்கேடுதான், என்ன செய்ய. ஆனால் அவர் படித்துவிட்டாரே.

"சார், அந்தத் தப்பு அவங்க பண்ணுனது இல்லீங்க. அளவுப் பக்கத்த மாத்திக் குடுத்தது நானுங்க."

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் கத்துவார், கடிதம் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"அட, இதுக்குப் போயி ஏனுங்க கண்ணு அழுகறீங்க? மனுசருன்னா தப்பு வராதுங்களா? எப்பவோ நடந்தது, உடுங்க. அந்தம்மா பேரையும் சேத்துக்கலாமுங்க."

தங்கமான மனிதர். ஆனால் அந்தத் தாளோடு வெளியே வந்ததும் அதை மறுபடி படித்தேன். அக்காவுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம், எனக்கு ஒரு 'உடுங்க'. ஆபீஸ் ஆட்கள் ஒருவர்கூட இதுவரை அந்தக் கடிதம் கொடுத்ததில்லை. அத்தனை கடிதத்தையும் அடித்த எனக்கு அது அன்றைக்குத்தான் உறைத்தது.

அந்தப் பதவி அக்காவுக்கே கிடைத்தது. அன்று மதியம் அவர் சாப்பிடும் இடத்துக்குப் போய்க் கடிதத்தைக் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அதை எழுத்துக் கூட்டி நிதானமாகப் படித்தார். திட்டிவிட்டால் தேவலை என்று இருந்தது எனக்கு.

"நான் சரியாத்தானே தச்சேன்னு அன்னைக்குப் பூரா யோசிச்சேன் மேடம். எல்லாரும் தப்புன்னு சொன்ன பெறவு நானும் நம்பிட்டேன். அதுக்கப்புறம் இந்த நாலு வருசமா ஒவ்வொரு பாக்கெட்டையும் ரெண்டு தடவ அளந்துதான் வைக்கேன்" என்றார். "அந்த நேரத்த ஈடுகட்ட மெஷின்ல இன்னும் வேகமா ஓட்டணும்லா. தோளு போனதே அதுலதான்."

மன்னித்துவிடுங்கள் என்றேன். எத்தனையோ பேருக்கு அழகாக அடித்துக் கொடுத்த அந்த வரி, என் வாயிலிருந்து அந்த ஒற்றைச் சொல்லாகத்தான் வந்தது. அவர் டிபன் டப்பாவை மூடினார். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. நானும் அதை எதிர்பார்க்கவில்லை.

இப்போதும் அளவுப் பக்கங்களை புரோகிராம்தான் மொத்தமாக எடுத்துத் தருகிறது. லைனுக்குக் கொண்டு போனால் மற்ற சூப்பர்வைசர்கள் வாங்கி மாட்டிவிடுவார்கள். அக்கா மட்டும் தாளை வாங்காமல் பேனாவை நீட்டுவார். ஒவ்வொரு தாளிலும் நான் கையெழுத்துப் போட வேண்டும். முதல்முறை நான் கொஞ்சம் தயங்கினேன். பேனாவை அவர் இறக்கவில்லை.

"கோவிச்சுக்கிடாதீங்க மேடம். எங்கிட்ட இருக்க பிள்ளைங்க ஒரு தடவ அளந்தாப் போதும்."