காலுறைக்குள் வைத்த விபூதி

சென்ற ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஆக்லாந்தின் ஏவன்டேல் சந்தையில் வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்த போன் வந்தது.

என் தங்கை கவிதா நர்ஸ். ஒரு நிவாரணக் குழுவோடு சூடானுக்குப் போயிருந்தாள். அந்தக் குழுவின் ஆக்லாந்து அலுவலகத்துப் பெண்தான் பேசினாள். காலரா முகாமுக்கு மருந்து கொண்டுபோன வண்டியை ஆயுதக்காரர்கள் வழியில் மறித்து, அதில் போன கவிதாவையும் பிடித்து வைத்திருக்கிறார்களாம். கவிதாவின் பையில், காலுறைகளுக்குள், பெயர் எழுதாத வெள்ளைப் பொடிப் பொட்டலங்கள் இருந்தனவாம். அது என்னவென்று எனக்குத் தெரியுமா என்று கேட்டாள்.

தெரியாமல் என்ன! வைத்தவளே நான்தான். கோயில் விபூதி. சொன்னால் வேண்டாமென்று சண்டை போடுவாள் என்று, அவளுக்குத் தெரியாமல் பத்துப் பொட்டலம் மடித்துத் திணித்திருந்தேன். அவளைக் காக்கும் என்று வைத்தது அவளையே மாட்டிவிட்டது. சந்தை நடுவே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

நேரே கோயிலுக்குப் போய் முருகனோடு சண்டை பிடித்தேன். "உன்னை நம்பித்தானே வெச்சேன்? இப்படிப் பண்ணிட்டியே!"

குருக்கள் யாழ்ப்பாணத்துக்காரர். அர்ச்சனைத் தட்டை வாங்கி, "பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார்.

"கவிதா. ரோகிணி." அவ்வளவுதான் சொன்னேன்.

திங்கட்கிழமையும் தகவல் இல்லை. பட்டினியோடுதான் வேலைக்குப் போனேன். மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை எனக்கு. அன்று ஒரு பெரியவருக்கு வயிற்றுப்போக்கு. உப்புச்சர்க்கரை நீரை ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டிக்கொண்டிருந்தபோது கை நின்றுவிட்டது. அந்த வண்டியில் இருப்பதும் இதுதானே! அது வராமல் முகாமில் எத்தனை பிள்ளைகள் நாக்கு வறண்டு கிடக்கிறார்களோ. அவர்களுக்காக நான் முருகனிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லையே. வெட்கமாகப் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை காலை விளக்கேற்றி, "முருகா, என் தங்கையை மட்டும் கேட்டது தப்பு. மருந்தும் போய்ச் சேரட்டும். அந்தப் பிள்ளைகளையும் பார்" என்று விழுந்து கும்பிட்டேன்.

அன்று நள்ளிரவில் கவிதாவே கூப்பிட்டாள்; அங்கே அப்போது பகல். "அக்கா, விட்டுட்டாங்க. மருந்தும் வந்து சேர்ந்துடுச்சு. பசங்களுக்கு டிரிப் ஏறுது." அடுத்த மூச்சிலேயே, "சாக்ஸுக்குள்ளயா வைப்பாங்க? அறிவிருக்கா உனக்கு?" என்றாள். அந்தத் திட்டைக் கேட்க எவ்வளவு ஆனந்தமாக இருந்தது தெரியுமா!

நடந்ததைச் சொன்னாள். விபூதி என்றால் அங்கே யாருக்குப் புரியும்? அன்று காலை ஒரு சிப்பாய் முன்னால் இவளே ஒரு பொட்டலத்தைப் பிரித்து, நெற்றியில் பூசி, ஒரு சிட்டிகை வாயிலும் போட்டிருக்கிறாள். அவர் பொட்டலத்தை வாங்கி முகர்ந்து பார்த்தாராம். பிறகு யார் கொடுத்தது என்று கேட்டிருக்கிறார்.

"அக்கான்னு சொன்னேன். உடனே சட்டைக் கையை மடிச்சுக் காட்டினார். தோல் தாயத்து. அவங்கம்மா கட்டி விட்டதாம். ஒரு பொட்டலத்தைக் கேட்டு வாங்கிப் பையில போட்டுக்கிட்டு, போகச் சொல்லிட்டார்."

மாட்டிவிட்ட விபூதியை வைத்தே முருகன் மீட்டுக் கொடுத்தான்.

வெள்ளிக்கிழமை மறுபடியும் அர்ச்சனைத் தட்டோடு நின்றேன். "கவிதா, ரோகிணி. அப்புறம் ஒரு சிப்பாய். பேரும் தெரியாது, நட்சத்திரமும் தெரியாது."

"ஆர் அவர்?"

"என் தங்கச்சியை வழிமறிச்சு, அப்புறம் விட்டவர்."

குருக்கள் தலையாட்டித் தட்டை வாங்கிக்கொண்டார். "ஓம், அவருக்குச் சுவாமி பேரிலேயே செய்வம்" என்றார்.

அன்றிலிருந்து என் வேண்டுதலே மாறிவிட்டது. கஷ்டத்தில் இருக்கிறவர்களே, முருகனோடு சண்டை போட்டாவது கேளுங்கள், கேட்பான். உங்கள் வீட்டுப் பெயர்களோடு, பெயர் தெரியாத ஒருவரையும் சேர்த்துக் கேளுங்கள்.

கார்த்திகையில் திரும்பி வந்த கவிதா மறுபடியும் கிளம்புகிறாள். அங்கே சண்டை ஓயவில்லை. இந்தத் தடவை விபூதியை அவளே கேட்டு வாங்கினாள். ஒவ்வொரு பொட்டலத்திலும் இன்னதென்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டி, பையின் மேலாக வைத்தேன். ஒன்று கூடுதலாக இருக்கிறது. அந்தச் சிப்பாயின் தாய்க்கு.