பெருமூச்சும் மூச்சுப் பயிற்சியும்

லண்டன் வெம்பிளியில் ஒரு மரக்கறிக் கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றபோதுதான் அது முதன்முதலாக வந்தது. நெஞ்சு படபடவென்று அடித்தது. விரல்கள் விறைத்தன. கடைக்காரப் பிள்ளை "அன்ரி, இருங்கோ, இருங்கோ" என்று ஒரு கதிரையை இழுத்துப் போட்டான். சாகப் போகிறேன் என்றே நினைத்தேன். அடுத்து வந்த நினைப்பு, இவருக்குப் பகல் குளிசை கொடுக்கிற நேரமாகிறதே என்பது. சாகிறவளுக்கு வந்த கவலையைப் பாருங்கோ.

இவர் என்றது என் கணவரை. அவருக்குப் பார்க்கின்சன் நோய் (உடலின் அசைவை நடத்தும் ஒரு வேதிப்பொருள் மூளையில் குறைந்துபோக, கைகால் நடுங்கி மெல்ல மெல்ல இறுகுவது). அறிவு நல்ல தெளிவு. குரல்தான் தாழ்ந்து போய்விட்டது. கிட்டப் போய்க் காது கொடுத்தால்தான் கேட்கும். சேட்டுப் பொத்தான் பூட்டுவது, கட்டிலில் திருப்பிப் படுக்கவைப்பது, சோறு குழைத்து ஊட்டுவது எல்லாம் நான்தான். இதை வாசிக்கிற நீங்களும் வீட்டில் இப்படி ஒருவரைப் பார்ப்பவர் என்றால் மிச்சம் உங்களுக்கே தெரியும். மற்றவர்களுக்கு என்ன சொன்னாலும் விளங்காது. தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

ஈ.சி.ஜி. (இதயத்தின் மின்னோட்டத்தைப் பதிவது) எடுத்தார்கள். இரத்தம் எடுத்தார்கள். எல்லாம் சரி. எங்கள் டொக்டர் சென்னைக்காரர்.

"இதயத்துக்கு ஒண்ணும் இல்லம்மா. பானிக் அட்டாக் (ஆபத்து இல்லாதபோதும் உடம்பு பயந்து பதறுவது). ஓய்வே இல்லாம ஓடிக்கிட்டிருக்கீங்க. இப்படியே போனா நீங்க விழுந்துடுவீங்க. அப்புறம் அவரை யார் பாப்பாங்க?"

அந்தக் கேள்விதான் என்னை வெருட்டியது. நான் விழுந்தால் இவரைக் கொண்டுபோய் எங்காவது ஹோமில் (பராமரிப்பு இல்லத்தில்) விட்டுவிடுவார்கள், திரும்பி வரவே மாட்டார் என்ற பயம் எனக்குப் பல காலமாக இருந்தது. டொக்டர் இரண்டு வழி சொன்னார். ஒன்று ரெஸ்பைட் (பார்ப்பவர் ஓய்வெடுக்க, நோயாளியைச் சில நாள் பராமரிப்பு இல்லத்தில் வைத்திருப்பது). மற்றது தியான வகுப்பு. முதலாவதை அந்த இடத்திலேயே மறுத்தேன். கட்டினவரை ஹோமில் விட்டவள் என்ற பேரோடு ஆர்ச்வே முருகன் கோயில் வாசலில் போய் நிற்க என்னால் ஏலாது. தியானம் என்றால் நாலு பேருக்கு மரியாதையாகச் சொல்லலாம்.

வகுப்பு ரெய்னர்ஸ் லேனில் ஒரு மண்டபத்தில் நடந்தது. பக்கத்து வீட்டுப் பெண் வந்து இவரோடு இருப்பாள்; நான் போவேன். வகுப்பெடுத்தவர் மதுரைப் பக்கத்துப் பெண், மனநலத் தாதி. கண்ணை மூடிக் கால்விரலில் தொடங்கி உடம்பை ஒவ்வொரு பகுதியாகக் கவனித்துக்கொண்டு மேலே வரவேண்டும். எனக்கு முழங்கால் வருமுன்னே நித்திரை. குறட்டை வேறு. வெட்கத்தில் எழும்பினால், "தூங்குங்கக்கா, உடம்பு அதைத்தானே கேக்குது" என்பார்.

வீட்டில் செய்ய ஒரு பயிற்சி தந்தார். மூக்கால் மெல்ல இழுத்து, வாயால் நீளமாக மூச்சை விடுவது. இதற்கென்று நேரம் ஒதுக்க வேண்டியதில்லை, வேலையோடு வேலையாகச் செய்யலாம் என்றார். நான் சொல்வழி கேட்கிற ஆள். இவருக்குப் பொத்தான் பூட்டும்போது ஒரு நீண்ட மூச்சு. சோறு ஊட்டும்போது ஒன்று. கழிப்பறைக்குத் தூக்கி நிறுத்தும்போது இன்னொன்று. பொய் சொல்லக்கூடாது, பலன் இருந்தது. படபடப்பு நன்றாகக் குறைந்தது.

ஆனால் இவர் சுருங்கிப் போனார். இரண்டு வாய் சாப்பிட்டதும் "காணும்" என்பார். மூத்திரம் முட்டினாலும் கூப்பிடாமல் அடக்கிக்கொண்டு கிடப்பார். நோய்தான் முற்றுகிறது என்று நினைத்து நான் இன்னும் பயந்தேன். பயம் வரவர, மூச்சை இன்னும் நீளமாக விட்டேன்.

ஒருநாள் காலை, சேட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது என் கையைப் பிடித்தார்.

"இஞ்சாரும். டொக்டர் சொன்ன அந்த ஹோமுக்கு நான் போறன்."

"என்ன விசர்க்கதை கதைக்கிறியள்?"

"ஒரு கிழமை எண்டாலும், என்னைப் பாத்து ஆரும் பெருமூச்சு விடாத இடத்திலை இருக்கவேணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயோ, அது பெருமூச்சில்லையப்பா! வகுப்பிலை சொல்லித் தந்த மூச்சுப் பயிற்சி!"

அவர் சிரிக்கவில்லை. ஒரு சொல் வெளியே வர அவருக்கு நேரம் எடுக்கும். காத்திருந்தேன்.

"அப்ப, வகுப்புக்குப் போக முந்தி விட்ட பெருமூச்சு?"

வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டின கதையாய் இந்தப் பயிற்சி வந்து சேர்ந்தது என்று முதலில் எரிச்சல்பட்டேன். பிறகு கோபம் பொங்கியது. "உங்களுக்காகத்தானே நான் இவ்வளவும் செய்யிறன்!" என்று கத்தினேன்.

"அதைத்தான் நானும் சொல்லுறன்" என்றார்.

அவர் ஹோமுக்குப் போனார். முதல் இரண்டு நாளும் அடித்துப் போட்டதுபோல் நித்திரை கொண்டேன். பிறகு வகுப்புக்குப் போனேன். அன்றைக்குத்தான் முழங்காலைத் தாண்டினேன். வயிறு வந்தது, நெஞ்சு வந்தது. நெஞ்சில் அமைதி இருக்கும் என்று நினைத்தேன், இருந்தது அலுப்பு. இவரில் அலுப்பு, இந்த நோயில் அலுப்பு, நல்லவள் என்ற பேரில் அலுப்பு. மண்டபத்தில் எல்லோருக்கும் கேட்க அழுதேன். தாதி பக்கத்தில் வந்து இருந்தார்.

அடுத்த நாள் இவரைப் பார்க்கப் போனேன். முகம் வழித்து, பக்கத்துக் கதிரை வெள்ளைக்காரரோடு கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டு சிரித்தார். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. அந்த ஏழு நாளும் முடிய வீட்டுக்கு வந்தார். திரும்பி வரமாட்டார் என்று பயந்தேனே, அந்த ஆள் வந்ததும் முதலில் கேட்டது, அடுத்த தடவை எப்போது என்று.

இப்போது அவ்வப்போது போய்வருகிறார். கோயிலில் ஒருத்தி, "எப்பிடி மனம் வந்தது உங்களுக்கு?" என்று கேட்டாள். "அவருக்கு என்னட்டையிருந்து லீவு வேணுமாம்" என்றேன்.

நோய் மாறவில்லை. மாறாது. தியானம் செய்தால் களைப்புப் போகும் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்பாதீர்கள். எனக்கு அது எங்கே தொடங்குகிறது என்று மட்டும் பிடிபட்டிருக்கிறது. பிடரியில் தொடங்கி, தோளால் இறங்கி, நெஞ்சுக்கு வர எப்படியும் அரை நாள் எடுக்கும். முன்பு அந்த அரை நாளும் எனக்குத் தெரியாமலே போகும். இப்போது பிடரியிலேயே கண்டுவிடுகிறேன். மூச்சாக விடாமல், வாயைத் திறந்து அவரிடம் சொல்லிவிடுகிறேன்.

"இண்டைக்கு எனக்கு ஏலாதப்பா."

கொஞ்சம் பொறுத்துத்தான் அவருடைய பதில் வரும்.

"எனக்கும் ஏலாது. வாரும், பக்கத்திலை படும்."

படுக்கிறேன்.